படுக்கச் சொன்னதற்கு ஒரு மகஜர்

ஓய்வுபெறும் தாதியரை மேடையில் ஏற்றிப் பேச வைப்பது எங்கள் பகுதியில் வழக்கம். எனக்கும் அழைப்பு வந்தது. தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: ‘ஒத்துழைப்பு’. நான் போகவில்லை. என் பணிக்காலத்தில் நான் தலை நிமிர்ந்து நினைத்துக்கொள்ளும் காலை ஒன்று உண்டு. அன்று நான் யாரோடும் ஒத்துழைக்கவில்லை. அதை மேடையில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நன்றியுரை ஆரம்பமாகிவிடும். ஆகவே எழுதுகிறேன். மலைப்பக்கத்துச் சிறிய வைத்தியசாலைகளில் புதிதாக வேலை ஏற்கும் தாதியர்களே, இது உங்களுக்கு.

நான் திகதி பார்த்து எழுதுகிற ஆள். கண்டி மஹய்யாவவில் என் வீட்டு அலுமாரியில், எங்கள் நகரத்தில் எந்தப் பாலம் எந்த வருடம் உடைந்தது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்போது மாடி கட்டினார்கள் என்பதெல்லாம் வருடவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். கையில் கிடைத்த சரித்திரப் புத்தகங்களையெல்லாம் வாசித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஆனால் இந்தக் கட்டுரையில் வருடத்தையும் மாதத்தையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சொன்னால் வைத்தியசாலையையும் ஆட்களையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கொரோனா அடங்கிய பிறகு வந்த ஒரு மழைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழமையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது செவ்வாய்க்கிழமை. முந்திய நாள் போயா, பௌர்ணமி விடுமுறை.

அப்போது நான் வேலை செய்த வைத்தியசாலை, ஹுன்னஸ்கிரியப் பக்கமிருந்து கண்டிக்கு இறங்கும் பாதையின் ஓரத்தில் இருந்தது. பஸ்கள் அதன் வாசலில் நின்றுதான் போகும். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. பஸ் சாரதியோ கண்டக்டரோ உடம்பு முடியாமல் உள்ளே வந்தால் வரிசை தானாக விலகும். “பஸ்ஸு நிக்குது, விடுங்க, விடுங்க” என்று நோயாளர்களே வழி விடுவார்கள். இலக்கத் துண்டு தேவையில்லை, காத்திருக்கத் தேவையில்லை. அது எப்போது தொடங்கியது என்று விசாரித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துச் சொன்ன விஷயம் ஒன்றுதான்: முன்பு ஒரு மண்சரிவின்போது, பாதையில் அகப்பட்ட பஸ்காரர்கள் பயணிகளை இறக்கிவிட்டு, காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அந்த நன்றியை ஊர் மறக்கவில்லை.

நன்றியிலிருந்து பிறந்த வழக்கத்தை எதிர்ப்பது மிகவும் கடினம். தீய வழக்கமென்றால் எதிர்க்க நாலு பேர் சேருவார்கள். நல்ல வழக்கத்தை எதிர்த்தால் நீங்கள் தனி.

சந்திரன் அந்தப் பாதையில் தனியார் பஸ் ஓட்டியவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, லொறியில் கிளீனராகத் தொடங்கி, பஸ் சாரதியானவர். நாற்பது தாண்டிய, வாட்டசாட்டமான ஆள். அவருடைய பஸ் எங்கள் வாசலை நெருங்கும்போது ஹோர்ன் சத்தத்துக்கு முன்னால் அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்த மழைக்காலத்தில் மலை முழுக்கச் சளியும் இருமலுமாகத் தடிமல் பரவியது. சந்திரனுக்கும் வந்தது. தடிமல் போய்விட்டது. ஆனால் நெஞ்சு இறுக்கம் மட்டும் தங்கிவிட்டது.

காலை ஓட்டத்தில் பஸ்ஸைக் கீழ் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வருவார். மூலையில் நெபுலைசர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கதிரை இருக்கும். அதில் உட்கார்ந்து முகமூடியை மாட்டிக்கொண்டு மருந்துப் புகையை இழுப்பார். “இப்ப எப்படி?” என்று யாராவது கேட்பார்கள். “பரவாயில்ல மிஸி” என்பார். வெளியே ஹோர்ன் அடிக்கும். ஓடிவிடுவார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தாதி. ஒவ்வொருவரும் அவருக்கு உதவி செய்ததாகவே நினைத்தார்கள். உதவியும்தான். ஆனால் அவ்வளவு நாளும் அவருடைய சட்டைப் பொத்தானை ஒருவரும் கழற்றச் சொல்லவில்லை. இதையெல்லாம் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குச் சில நாள் முன்புதான் வார்டிலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு மாறி வந்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தடிமலுக்குப் பிறகு நெஞ்சை இறுக்குகிறது என்று வருகிறவர்களை நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பார்க்கப் போகிறீர்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. சளி விட்ட பிறகும் மூச்சுக்குழாய்கள் சில வாரங்கள் ரோஷமாகவே இருக்கும். குளிர்காற்றுப் பட்டால், அடுப்புப் புகை பட்டால் சுருங்கிக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பகுதியில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குத் தடிமல் வந்து போன பிறகுதான் அவருக்குப் பல வருடங்களாக ஆஸ்துமா இருந்தது தெரிந்தது. இன்னொருவருக்கு, மேல் சளி கீழே இறங்கி நுரையீரலில் நிமோனியாவாகியிருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கி, வயிற்றுப் புளிப்பு மேலேறி நெஞ்சு எரிந்தவர்களும் உண்டு. பயத்தினாலேயே நெஞ்சு இறுகியவர்களும் உண்டு. அதைப் பொய் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு இறுகுவது உண்மைதான். இவற்றுக்கிடையில் எப்போதாவது ஒருவருக்கு, கோளாறு இருதயத்தில் இருக்கும், அல்லது நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் இருக்கும். அவரும் மற்றவர்களைப்போலத்தான் வருவார். அதே தைல வாசம், அதே கொத்தமல்லித் தண்ணீர், அதே “தடிமல்தான் மிஸி.”

அந்தச் செவ்வாய்க்கிழமை, போயாவுக்கு மறுநாள் என்பதால் கூட்டம் வாசலுக்கு வெளியே நின்றது. வைத்தியர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இளைஞர், நல்ல கெட்டிக்காரர். சந்திரன் குடையை மடக்கியபடி வந்தார். வரிசை விலகியது. நேராகப் போய் மரக்கதிரையில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்தார்.

“மிஸி, வழமையான புகைதான். சட்டுனு குடுத்துருங்க. பஸ்ஸு நிக்குது.”

“தடிமல் இன்னும் விடலயா?”

“அது போயிருச்சுங்க. இதுதான் நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. டிக்கெட் எடுக்காத பெசஞ்சர் மாதிரி.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முகமூடியில் மருந்தை ஊற்றி அவர் முகத்தில் மாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை மூச்சை இழுத்தார். “ஆ… இப்பத்தான் கொஞ்சம் லேசா இருக்கு” என்றார்.

நான் இன்னும் சுவிட்சைப் போடவில்லை.

என் கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. மருந்து போகவில்லை, ஆனால் அவருக்கு லேசாகிவிட்டது. அப்படியானால் இவ்வளவு நாளும் அவரை லேசாக்கியது மருந்துதானா? முகமூடியைக் கழற்றினேன்.

“தம்பி, வீட்டுல எப்படித் தூங்குறீங்க?”

“தூக்கமா? அதெல்லாம் பஸ்ஸுலதான் மிஸி. ஸ்டியரிங்ல தலைய வெச்சா நல்லா வருது.”

“பாயில படுத்தா?”

“படுத்தா நெஞ்ச அமுக்குது.”

“இத யார்கிட்டயும் சொல்லலயா?”

“யாரும் கேக்கலயே.”

சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். அவர் என்னை வேற்று மொழி பேசுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “படுக்கிறதா? பஸ்ஸுக்குள்ள சனம் இருக்குங்க மிஸி” என்றார். நான் இயந்திரத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அப்போதுதான் எழுந்தார். சாவிக்கொத்தை மருந்துத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். நெஞ்சு முழுக்கக் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் பளபளத்தது. தடிமல் வந்தால் எங்கள் வீடுகளில் செய்வதுதான். ஆனால் அந்த எண்ணெயில் ஈசீஜி இயந்திரத்தின் உறிஞ்சிகள் ஒட்டவே ஒட்டாது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். “கோழிய வாட்டுற மாதிரி இருக்கே” என்றார். பிறகு படுத்தார்.

படுத்த வேகத்திலேயே எழுந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நாடியைப் பிடித்தேன். கதிரையில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு இருக்கக்கூடாத வேகத்தில் ஓடியது. அவர் இறங்கிச் சட்டையைத் தேடினார். நான் தள்ளுவண்டியிலிருந்த சாவியை எடுத்து என் சீருடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அது என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. மாரடைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அது தவறு. எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த மனிதரால் மல்லாக்கப் படுக்க முடியவில்லை, ஏன் என்று தெரியாமல் இவரை அந்த வளைவுகளுக்கு அனுப்பக்கூடாது என்பதுதான். ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை ஆளைப் பிடித்து வைக்க, பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

வைத்தியர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். காய்ச்சலில் வலிப்பு வந்த ஒரு குழந்தையை அப்போதுதான் தாய் தூக்கி வந்திருந்தாள். திரையை விலக்கிச் சொன்னேன்.

“மிஸி, ஆளுக்கு வீசிங் எண்டுதானே எழுதிக் கிடக்கு. புகையைக் குடுத்து அனுப்புங்கோ. சனம் வெளியில கத்துது.”

“நீங்க வந்து பாக்காம அனுப்ப மாட்டேன் டொக்டர்.”

“இப்ப ஏலாது. பிள்ளையைப் பாக்கிறியள்தானே?”

பார்த்தேன். குழந்தையின் கை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தார். நான் என் இடத்துக்குத் திரும்பினேன்.

கண்டக்டர் ரிஸ்வான் உள்ளே வந்தார். மடவளைப் பக்கத்துப் பையன், வாய்த்துடுக்கு அதிகம்.

“என்ன மிஸி, எங்க டிரைவரக் கல்யாணம் கட்டிக் குடுக்கப் போறீங்களா? இவ்வளவு நேரம்?”

“இன்னைக்கு இவரு பஸ் ஓட்ட மாட்டாரு. சனத்தை அடுத்த பஸ்ஸுல ஏத்தி விடுங்க.”

“ஓனர் ஃபோன்ல நிக்கிறார் மிஸி. நீங்களே பேசுங்க.”

“நான் நோயாளியோடதான் பேசுவேன். ஓனருக்கு நெஞ்சு வலிச்சா வரச் சொல்லுங்க.”

இதற்குள் பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கண்டியில் கிளினிக் திகதி உள்ளவர்கள், கச்சேரி அலுவலகத்தில் வேலை உள்ளவர்கள், கடை திறக்க வேண்டியவர்கள். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை.

“டிரைவருக்குத் தடிமல்னா எங்களுக்கு என்னா தண்டனை?” என்று ஓர் அம்மா கேட்டார்.

“தடிமலுக்கெல்லாம் கட்டில்ல போட்டா இந்த மலைக்கே கட்டில் பத்தாது!” இது குடை வைத்திருந்த ஒரு பெரியவர்.

“மிஸிக்கு அவ்வளவு அக்கறைன்னா மிஸியே பஸ்ஸ ஓட்டட்டும்!”

“ஓட்டத் தெரிஞ்சிருந்தா இவ்வளவு நேரத்துக்கு உங்களக் கண்டியில எறக்கியிருப்பேன்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரையும்விட என்னை அதிகம் எதிர்த்தவர் சந்திரன்தான். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். “சாவியத் தாங்க மிஸி. கண்டி போய்ட்டு… திரும்பி வர்றப்ப படுக்குறேன். என் புள்ளைங்க மேல… சத்தியமா.”

“இல்ல தம்பி.”

“நீங்க யாரு… என் சாவிய…”

கையை நீட்டியபடி என்னை நோக்கி நடந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் நோயாளர் உட்காரும் நீள வாங்கு ஒன்று கிடந்தது. அதைத் தாண்டவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அப்படியே நின்றார். கழுத்து நரம்பு விரல் தடிப்பில் புடைத்திருந்தது. கதவில் நின்றவர்களின் சத்தம் குறைந்தது. குடைப் பெரியவர் மட்டும் ஏதோ முணுமுணுத்தார். அவருடைய மனைவி அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

நான் அவரை அதே வாங்கில் உட்கார வைத்து, முன்னால் ஒரு தலையணையை வைத்து, அதில் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். ஒட்சிசன் குழாயை மாட்டினேன். பிறகு கதவில் நின்றவர்களைப் பார்த்து, “இவரு பக்கத்துல நின்னு ஆளுக்கு ஒரு நாடி பிடிச்சுப் பாருங்க. யாருக்காவது சரின்னு பட்டா சாவியத் தர்றேன்” என்றேன். ஒருவரும் முன்வரவில்லை. ஆனால் யாரும் போகவும் இல்லை.

குழந்தையின் வலிப்பு நின்றதும் வைத்தியர் வந்தார். எரிச்சலோடுதான் வந்தார். சந்திரனின் கழுத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“சரிஞ்சு படுத்தா கூடுதோ? முன்னால குனிஞ்சா குறையுதோ?”

சந்திரன் தலையாட்டினார். ரிஸ்வான் பின்னாலிருந்து சொன்னார்: “கொஞ்ச நாளா ஸ்டியரிங்ல நெஞ்சச் சாச்சுக்கிட்டுத்தான் ஓட்றாரு டொக்டர். ஸ்டைலுக்குன்னு நெனச்சேன்.”

வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இருதயத்தைச் சுத்தியிருக்கிற சவ்வுக்குள்ள தண்ணி கோத்திட்டுதுபோல. தடிமல் கிருமி சில ஆக்களுக்கு அங்க போய் அழற்சி ஆக்கிறது. குனிஞ்சா சுகமாயிருக்கும், படுத்தா அமுக்கும். உடனை கண்டிக்கு அனுப்ப வேணும். அந்தப் புகையை இண்டைக்குக் குடுத்தியளோ?”

“இல்ல டொக்டர்.”

“நல்லது. அது இருதயத்தை இன்னும் ஓட வைக்கும்.”

அதைக் கண்டுபிடித்தவர் அவர். அந்த அறிவு என்னிடம் இல்லை. அவர் வரும்வரை ஆளை அங்கே வைத்திருந்தது மட்டும்தான் என் வேலை. இந்த இரண்டையும் நீங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. வைத்தியரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று காட்டுவதற்காகப் பிடிவாதம் பிடிக்கிற தாதி நோயாளியைக் கொன்றுவிடுவாள். வைத்தியரின் கண்ணில் நோயாளி படவேண்டும் என்பதற்காகப் பிடிவாதம் பிடியுங்கள்.

அம்புலன்ஸில் இன்னொரு சண்டை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றினால் படுக்க வைத்துப் பட்டி போடவேண்டும் என்பது விதி. உதவியாளர் பட்டியை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி இருக்கைக்கு அடியில் போட்டேன். “வளைவுல உருண்டு விழுந்தா யாரு மிஸி பதில் சொல்றது?” என்றார். “நான்” என்றேன். ஸ்ட்ரெச்சரின் முதுகுப் பக்கத்தை நேராக உயர்த்தி, சந்திரனை உட்கார வைத்து, முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்திலிருந்து அவருடைய இடுப்பை நான் பிடித்துக்கொண்டேன். மழை பெய்துகொண்டிருந்தது. நீர்த்தேக்கம் கீழே தெரியும் வளைவுக்கு வந்தபோது, கண்ணை மூடியிருந்த சந்திரன் அம்புலன்ஸ் சாரதியிடம் சொன்னார்: “தம்பி… செகண்டுல போடு. இந்த வளைவுல… எவனும் தேர்டுல எறங்க மாட்டான்.”

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பண்ணினார்கள். இருதயத்தைச் சுற்றி நீர் நிறைந்திருந்தது. அன்றைக்கே ஊசி செலுத்தி அதை வெளியே எடுத்தார்கள். ‘இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்’ என்று தொடங்கும் ஒரு வசனத்தை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது. நீர் எடுத்த பிறகு சந்திரன் முதுகைச் சாய்த்துப் படுத்துத் தூங்கினார். நான் அதைப் பார்த்துவிட்டு அதே அம்புலன்ஸில் திரும்பினேன். சாவியை ரிஸ்வானிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் என்மேல் முறைப்பாடாக ஒரு மகஜர் வந்தது. பயணிகளும் பஸ் உரிமையாளரும் சேர்ந்து மேலிடத்துக்கு அனுப்பியது. பொதுமக்களைப் பல மணி நேரம் தவிக்கவிட்டதாக, நோயாளியை அவருடைய விருப்பத்துக்கு மாறாகத் தடுத்து வைத்ததாக, தனியார் சொத்தான சாவியைப் பறித்ததாக, பயணிகளைப் பரிகாசம் செய்ததாக. முதல் கையெழுத்து ரிஸ்வானுடையது.

“ஓனர் நீட்டினார், போட்டேன் மிஸி. எனக்கு உங்க மேல கோவமே இல்ல” என்றார் அடுத்த தடவை பார்த்தபோது.

“அப்ப கோவம் பேனாவுக்கா?”

“பேனாவும் ஓனருடையதுதான் மிஸி.”

விசாரணை கண்டியில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. விசாரித்த அதிகாரி கெட்டவரல்ல. விஷயத்தைச் சீக்கிரம் முடித்துக் கோப்பைக் கட்டிவிட விரும்பினார். அவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

“மகஜரை வாசித்தீர்களா?”

“வாசித்தேன். சம்பவம் திங்கட்கிழமை நடந்ததாக எழுதியிருக்கிறார்கள். திங்கள் போயா. நடந்தது செவ்வாய். முதலில் அதைத் திருத்துங்கள்.”

அவர் பேனையை எடுத்துத் திருத்தினார். பிறகு நிமிர்ந்து, “சாவியை எடுத்தீர்களா?” என்றார்.

“எடுத்தேன்.”

“அதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று தெரியுமா?”

“தெரியும்.”

“சரி, அவசரத்தில் செய்துவிட்டேன், இனி நடக்காது என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். இத்தோடு முடித்துவிடலாம். உங்களுக்கு ஓய்வுக்கு அதிக காலம் இல்லை.”

“நான் அவசரத்தில் செய்யவில்லை, சேர். அவசரத்தில் இருந்தவர்கள் கதவில் நின்றவர்கள். இனி நடக்காது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.”

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். “உங்கள் அதிர்ஷ்டம், அது பெரிய நோயாக இருந்தது. வெறும் சளி மிச்சமாக இருந்திருந்தால் இங்கே என்ன சொல்லியிருப்பீர்கள்?”

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். உங்களிடமும் ஒருநாள் கேட்பார்கள். நான் சொன்ன பதில் இது: போன வாரம் ஓர் ஆசிரியை வந்தார். தடிமல் வந்து போய், நெஞ்சு இறுக்கம். அவரையும் படுக்க வைத்தேன், ஈசீஜி எடுத்தேன், வைத்தியர் வரும்வரை போகவிடவில்லை. ஒன்றும் இல்லை. இருமி இருமி விலாத் தசை நொந்திருந்தது, அவ்வளவுதான். பாடசாலையில் முதல் பாடம் போய்விட்டது என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார். அவர் விஷயத்திலும் நான் செய்தது சரி. அவருக்கு ஒன்றும் இல்லாமல் போனதால் அது பிழையாகிவிடவில்லை. சந்திரனுக்குப் பெரிய நோய் இருந்ததால் இது சரியாகிவிடவும் இல்லை. நாளைக்கு வருகிறவரையும் படுக்க வைப்பேன்.

அவர் வெகுநேரம் எழுதினார். என் கோப்பில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது. அது இன்னும் இருக்கிறது. மேன்முறையீடு செய்யலாம் என்று தாதியர் சங்கத்தில் சொன்னார்கள். நான் செய்யவில்லை. நீக்கச் சொல்லிக் கேட்டால், அது அங்கே இருப்பது அவமானம் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். இருக்கட்டும். என்றைக்காவது யாராவது அந்தக் கோப்பைத் திறந்தால், நான் எதற்காக எச்சரிக்கப்பட்டேன் என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்குப் பயிற்சியில் பணிவாக இருக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். நோயாளியிடம் பணிவாக இருங்கள். வரிசையில் நிற்கும் களைத்த மனிதர்களிடம் இருங்கள். ஆனால் வாசலில் அடிக்கிற ஹோர்னுக்குப் பணியாதீர்கள். பழகிப்போன வார்த்தைக்கும் பணியாதீர்கள். ஒருவர் ‘வழமையான புகை’ என்று கேட்டு வந்தால், அந்த ‘வழமை’ எப்படி வந்தது, யார் முதலில் தீர்மானித்தது என்று கேளுங்கள். கோபப்படுவார்கள். படட்டும். யாரும் கோபப்படாத விதத்தில் இந்த வேலையைச் செய்ய ஒரு வழி இருப்பதாக உங்களுக்கு யாராவது சொன்னால், அவர் போயாவுக்கு மறுநாள் வெளிநோயாளர் பிரிவில் நின்றதில்லை என்று அர்த்தம்.

சந்திரன் மூன்று மாதங்கள் கழித்து வந்தார். நன்றி சொல்ல வரவில்லை.

வெளிநோயாளர் பிரிவுக்குப் பாதையிலிருந்து ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அதில் ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு, நேராக என் மேசைக்கு வந்தார். அவருடைய இடத்தில் உரிமையாளர் வேறு சாரதியைப் போட்டுவிட்டார். வைத்தியச் சான்றிதழ் மறுபடி கிடைக்கும்வரை கனரக வாகனம் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தேயிலைக் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைதான் கிடைத்திருந்தது.

“நல்லா இருக்கீங்களா மிஸி? நீங்க நல்லா இருப்பீங்க. எனக்கென்னா, பதினெட்டு வயசுல புடிச்ச ஸ்டியரிங்க, நானா விட்டாத்தான் விடணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரே நாள்ல ஊர் முன்னாடி சாவியப் புடுங்கி, சட்டையக் கழட்டி, கோழிய உரிக்கிற மாதிரி உரிச்சு, இன்னைக்கு நேத்து வந்த பொடியன் என் பஸ்ஸ ஓட்டிக்கிட்டு என் மொகத்துக்கே ஹோர்ன் அடிச்சுட்டுப் போறான், என் பொஞ்சாதி அந்த பஸ்ஸுலயே ஏற மாட்டேங்குறா, நடந்தே போறா, இதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது, சொல்லுங்க?”

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற இளம் தாதி என் சார்பில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இன்னும் இருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

“இருக்கு!” என்றார். தொடர்ந்தார். பஸ் உரிமையாளர், ரிஸ்வான், அந்த அதிகாரி, நான், எங்கள் வைத்தியசாலை, அரசாங்கம், ஒருவரையும் விடவில்லை. குரல் கூரையில் மோதித் திரும்பியது. அவ்வளவு பெரிய ஏற்றம் ஏறி வந்த மனிதர், நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு, ஒரு வசனத்தையும் நடுவில் விடாமல், ஒரு தடவைகூட எதையும் பிடித்துக்கொள்ளாமல் திட்டினார்.

நான் வார்த்தைகளைக் கேட்கவில்லை. மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.